மாடல் விமான இன்ஜினில் நீடில் மக்கர் செய்தால் எங்கிருந்து தொடங்குவது?

என்னுடைய முதல் க்ளோ இன்ஜின் (மெத்தனால் எரிபொருளில் ஓடும் சின்ன இன்ஜின்) 40 அளவு, அதாவது 0.40 கன அங்குலம். தரையில் அருமையாக ஓடும். ஓடுபாதையை விட்டு மேலே ஏறத் தொடங்கியதும் சத்தம் மெலிந்து கீச்சென்று உயரும்; அடுத்த சில நொடிகளில் நின்றுவிடும். இறங்கியதும், எரிபொருளின் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஊசித் திருகான நீடிலை இரண்டு கிளிக் திறப்பேன். அடுத்த முறை புகையைக் கக்கிக்கொண்டு, இழுவையே இல்லாமல் தவழும். மறுபடி இரண்டு கிளிக் மூடுவேன். மறுபடி மேலே போய் நிற்கும். இப்படியே இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போயின. மூன்றாவது வாரம், மைதானத்தில் எங்களுக்கெல்லாம் மூத்தவரான ஓர் அண்ணன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தம்பி, நீடிலை விடு. டேங்கைக் கழற்று" என்றார்.

டேங்குக்குள் இருந்த சிலிகான் டியூபில், முன்பக்கப் பித்தளைக் குழாயோடு மாட்டும் இடத்தில், தலைமுடி அளவுக்கு ஒரு கீறல். டேங்க் நிறைந்திருக்கும்போதும் விமானம் தரையில் சமமாக நிற்கும்போதும் அந்தக் கீறல் எரிபொருளுக்குள் மூழ்கியிருக்கும். இன்ஜினுக்கு எந்தக் குறையும் தெரியாது. மூக்கு மேலே தூக்கியதும் எரிபொருள் பின்பக்கம் போய்விடும், கீறல் வெளியே வந்துவிடும், எரிபொருளோடு காற்றும் கலந்து போகும். ஒரு விரல் நீள டியூபை மாற்றினோம். நீடிலை முதலில் இருந்த இடத்திலேயே வைத்தோம். அன்று மாலை வரை பறந்தது.

அதற்குப் பிறகு எத்தனையோ இன்ஜின்களைப் பார்த்துவிட்டேன். "நீடில் சரியில்லை" என்று என்னிடம் கொண்டுவரப்பட்டவற்றில் பாதிக்கும் மேல் நீடிலில் எந்தக் கோளாறும் இல்லாதவை. அதனால்தான் இந்தக் கட்டுரையில் நீடிலைக் கழற்றும் பகுதி பாதிக்கு மேல் போன பிறகே வருகிறது. அந்த வரிசையை மாற்றாமல் பின்பற்றினால் உங்களுக்கு நிறைய ஞாயிற்றுக்கிழமைகள் மிச்சமாகும்.

நீடில் என்ன வேலை செய்கிறது

பைக் கார்புரேட்டரைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு அதன் அடியில் ஒரு சின்னக் கிண்ணம் இருப்பது தெரியும். டேங்கில் பெட்ரோல் நிறைய இருந்தாலும் கொஞ்சம் இருந்தாலும், உள்ளே இருக்கும் மிதவை அந்தக் கிண்ணத்தில் பெட்ரோலை ஒரே மட்டத்தில் வைத்துக்கொள்ளும். மாடல் விமானத்தின் சாதாரண க்ளோ இன்ஜினில் அந்தக் கிண்ணம் கிடையாது. விமானம் தலைகீழாகப் போகும், செங்குத்தாக ஏறும். அங்கே மிதவை வேலை செய்யாது. அதனால் டேங்கிலிருந்து வரும் டியூப் நேராக, கார்புரேட்டரில் எரிபொருள் வெளிவரும் நுண்துளையான ஜெட்டுக்குப் போகிறது. கார்புரேட்டர் வாயில் காற்று வேகமாகப் பாயும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. இன்னொரு பக்கம் சைலன்சரிலிருந்து ஒரு சின்ன டியூப் வழியாக டேங்குக்குக் கொஞ்சம் அழுத்தம் வருகிறது. இந்த இரண்டும் சேர்ந்துதான் எரிபொருளை நகர்த்துகின்றன. அந்த வழியின் குறுக்கே நிற்கும் கூர்மையான ஊசிதான் நீடில். வலப்பக்கம் திருகினால் வழி குறுகும், இடப்பக்கம் திருகினால் அகலும்.

எரிபொருள் அதிகமாகவும் காற்று குறைவாகவும் போனால் ரிச். எரிபொருள் குறைந்தால் லீன். புதிதாக வருபவர்கள் லீன் ஓட்டத்தை விரும்பிவிடுவார்கள், ஏனென்றால் அதில் வேகமும் சத்தமும் கூடும், புகை குறையும். ஆனால் க்ளோ இன்ஜினில் தனி எண்ணெய்த் தொட்டி கிடையாது. மெத்தனாலோடு கலந்திருக்கும் எண்ணெய்தான் ஒரே மசகு. பெரும்பாலான எரிபொருள்களில் அது 18 முதல் 20 சதவீதம் வரை இருக்கும், விளக்கெண்ணெயோ செயற்கை எண்ணெயோ இரண்டும் சேர்ந்ததோ. எரிபொருள் குறைந்தால் எண்ணெயும் குறைகிறது, மெத்தனால் ஆவியாகும்போது கிடைக்கும் குளிர்ச்சியும் குறைகிறது. அந்த நிலையில் இன்ஜின் ஒரு முழு டேங்க் ஓடினால் பிஸ்டனும் சிலிண்டரும் தேய்ந்து, இழந்த அமுக்கம் திரும்பி வராது. ரிச்சாக ஓடும் இன்ஜின் அழுக்காகும், அவ்வளவுதான். சந்தேகம் வந்தால் ரிச் பக்கம் நில்லுங்கள்.

ரேடியோ கட்டுப்பாட்டு விமானங்களின் கார்புரேட்டரில் பொதுவாக இரண்டு சரிசெய்யும் இடங்கள் இருக்கும். பெரிய தலையும் கிளிக் கிளிக்கென்ற ஸ்பிரிங்கும் உள்ளது முதன்மை நீடில். முழு வேகத்துக்கு அதுதான் பொறுப்பு. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலின் நெம்புகோல் இருக்கும் பக்கத்தின் நடுவில், சின்னத் திருப்புளியால் மட்டுமே திருகக்கூடியதாக இருப்பது ஐடில் நீடில். ஐடில் என்ற மிகக் குறைந்த வேகத்துக்கு அது பொறுப்பு. சில சிறிய, எளிய இன்ஜின்களில் இரண்டாவது நீடிலுக்குப் பதிலாக முன்பக்கம் ஒரு சிறு காற்றுத் துளையும் அதை மறைக்கும் ஒரு திருகும் இருக்கும். இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். காற்றுத் திருகை வலப்பக்கம் திருகினால் காற்று குறைகிறது, ஆகவே ஐடில் ரிச் ஆகிறது. நீடிலுக்கு நேர் எதிர். உங்கள் இன்ஜினில் எது இருக்கிறது என்று தெரியாமல் திருப்புளியை எடுக்காதீர்கள்.

ஓ.எஸ். என்ற மாடல் இன்ஜின் நிறுவனத்தின் எல்.ஏ. வரிசையில் 40, 46 இன்ஜின்களை வைத்திருப்பவர்கள் கார்புரேட்டரில் முதன்மை நீடிலைத் தேடி ஏமாற வேண்டாம். அது இன்ஜினின் பின்மூடிப் பக்கத்தில் இருக்கும். சுழலும் ப்ராப்பிலிருந்து (முன்பக்க விசிறி) விரல் தள்ளி இருக்கட்டும் என்பதற்கான நல்ல ஏற்பாடு அது. அதில் நீடிலுக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே ஒரு குட்டி டியூப் கூடுதலாக இருக்கிறது. கசிவு தேடும்போது அதையும் மறக்காமல் பாருங்கள்.

கைக்கும் கண்ணுக்கும் முதலில்

40 அளவு இன்ஜின் முழு வேகத்தில் நிமிடத்துக்கு 10,000 சுற்றுக்கு மேல் ஓடும். அந்த வேகத்தில் ப்ராப் கண்ணுக்குத் தெரியாது. இன்ஜினைக் கிளப்பியதும் நீங்கள் ப்ராப்புக்குப் பின்னால் வந்துவிட வேண்டும். நீடிலைத் தொடும் கை எப்போதும் பின்பக்கத்திலிருந்துதான் வர வேண்டும். ப்ராப்பின் பக்கவாட்டில், அது சுழலும் தளத்துக்கு நேராக யாரையும் நிற்க விடாதீர்கள். வாலை ஒருவர் பிடித்திருக்கட்டும். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை, துப்பட்டா, தளர்ந்த சட்டைக் கை எதுவும் வேண்டாம். கண்ணுக்குக் கண்ணாடி வேண்டும்.

மெத்தனாலைப் பற்றி ஒரு வார்த்தை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்களின் உயிரைப் பறித்த கள்ளச்சாராயத்தில் கலந்திருந்தது இதே மெத்தனால்தான். டியூபை வாயில் வைத்து உறிஞ்சி எரிபொருள் வருகிறதா என்று பார்க்கும் பழக்கம் மைதானங்களில் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். மருந்துக் கடையில் 20 மில்லி சிரிஞ்ச் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இந்த வேலை முழுவதற்கும் அதுவே போதும். மெத்தனால் தீப்பிடித்தால் பகல் வெளிச்சத்தில் சுடர் சரியாகத் தெரியாது என்பதையும் நினைவில் வையுங்கள். பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர் இருக்கட்டும்.

முதலில் எண்ணி எழுதுங்கள்

நீடில் இப்போது எங்கே இருக்கிறது என்பதை எழுதி வைப்பதுதான் முதல் வேலை. வலப்பக்கம் மெதுவாகத் திருகிக்கொண்டே வாருங்கள், எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். முட்டுவது விரலுக்குத் தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். "இன்னும் கொஞ்சம்" என்று இறுக்கினால் நீடிலின் முனை அதன் இருக்கையில் பள்ளம் போட்டுவிடும். பிறகு எந்த அளவும் நிலைக்காது. எண்ணிக்கையை நோட்டில் எழுதிவிட்டு அதே அளவு திரும்பத் திறந்துவிடுங்கள்.

பல இன்ஜின்களில் சரியான அளவு ஒன்றரைச் சுற்றுக்கும் மூன்று சுற்றுக்கும் நடுவில் எங்கேயாவது அமையும். உங்கள் இன்ஜினோடு வந்த கையேட்டில் தொடக்க அளவு கொடுத்திருப்பார்கள். நேற்று வரை இரண்டு சுற்றில் நன்றாக ஓடிய இன்ஜின் இன்றைக்கு மூன்றரைச் சுற்று கேட்கிறது என்றால், எங்கேயோ அடைத்திருக்கிறது அல்லது எங்கேயோ காற்று புகுகிறது. நேற்றைய எண் கையில் இல்லாதவருக்கு இது தெரியவே தெரியாது. என் விமானங்களில் டேங்க் இருக்கும் அறையின் மூடிக்கு உள்பக்கம் டேப் ஒட்டி அதில் எண்ணை எழுதி வைத்திருக்கிறேன்.

நீடிலுக்கு வெளியே தேடுவது

க்ளோ பிளக்கில் தொடங்குங்கள், மாற்றிப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம்தான் ஆகும். பிளக்கின் உள்ளே பிளாட்டினம் கலந்த கம்பிச் சுருள் இருக்கிறது. இன்ஜினைக் கிளப்பும்போது அதைச் சூடாக்க மாட்டும் பேட்டரியை எடுத்த பிறகும் அது சிவந்தே இருப்பதற்குக் காரணம், மெத்தனால் ஆவி பிளாட்டினத்தின் மேல் வினைபுரிந்து வெப்பம் தருவதுதான். சுருள் பழசானால் மேற்பரப்பு மங்கி அந்த வினை தளர்ந்துவிடும். பேட்டரி மாட்டியிருக்கும்வரை நன்றாக ஓடி, எடுத்ததும் வேகம் குறைகிறதா? ரிச்சாக இருக்கலாம், பிளக்கும் போயிருக்கலாம். புதிய பிளக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு மேலே போங்கள்.

அடுத்தது எரிபொருள். மெத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். நம் கடற்கரை ஊர்களின் காற்றில் மூடி சரியாக மூடாத கேன் சீக்கிரமே கெட்டுப்போகும். சந்தேகமான கேனோடு மல்லுக்கட்ட வேண்டாம், புதியதை ஊற்றிப் பாருங்கள். இன்னொன்று, தமிழ்நாட்டில் மெத்தனாலைத் தனியாக வாங்கவும் வைத்திருக்கவும் உரிமம் வேண்டும்; வீட்டில் கலந்துகொள்ளலாம் என்ற யோசனையோடு தொடங்காதீர்கள்.

பிறகு டியூப். கார்புரேட்டரில் மாட்டியிருக்கும் முனையைக் கழற்றி, அதில் சிரிஞ்சை மாட்டி எரிபொருளை இழுங்கள். தடையில்லாமல், குமிழி இல்லாமல் வர வேண்டும். குமிழிகள் தொடர்ந்து வந்தால் எங்கேயோ ஓட்டை. தடுக்கி வந்தால் மடிப்போ அடைப்போ. நடுவில் ஃபில்டர் இருந்தால் அதைத் தூக்கிவிட்டு மறுபடி இழுத்துப் பாருங்கள். திருகி மூடும் வகை ஃபில்டர்களின் மூட்டில் காற்று புகுவது அடிக்கடி நடப்பது. க்ளோ எரிபொருளுக்கு சிலிகான் டியூப் சரி. ஆனால் பெட்ரோல் பட்டால் சிலிகான் ஊதி மென்மையாகிவிடும், அதனால் பெட்ரோல் இன்ஜினிலிருந்து கழற்றிய டியூபை இங்கே மாட்டாதீர்கள்.

டேங்கைக் கட்டாயம் வெளியே எடுங்கள். நுரைப் பஞ்சைப் பிய்த்து எடுப்பது சலிப்பான வேலை என்பது எனக்கும் தெரியும். ஆனால் நான் கண்ட கோளாறுகளில் அதிகமானவை இங்கேதான் ஒளிந்திருந்தன. உள்ளே இருக்கும் டியூபின் நுனியில் க்ளங்க் என்ற பித்தளைக் குண்டு தொங்குகிறது. விமானம் எப்படிச் சாய்ந்தாலும் எரிபொருள் இருக்கும் பக்கமாக அது சாய வேண்டும். டியூப் காலப்போக்கில் விறைத்துப்போய் க்ளங்க் நடுவானில் நின்றுவிடும். மூக்கு குத்தி இறங்கிய விமானத்தில் க்ளங்க் முன்பக்கம் பாய்ந்து அங்கேயே மாட்டிக்கொள்வதும் உண்டு. அப்படி மாட்டியிருந்தால் தரையில் ஓடும், மூக்கு தூக்கினால் நிற்கும், என் கீறல் டியூபைப் போலவே. டேங்கை மூடி, ஒரு குழாயைத் தவிர மற்றவற்றை விரலால் அடைத்து, தண்ணீருக்குள் அமுக்கி சிரிஞ்சால் காற்றை ஏற்றுங்கள். குமிழி வந்தால் மூடியின் ரப்பரோ டேங்கின் ஒட்டுவாயோ போயிருக்கிறது. முடித்ததும் தண்ணீரை நன்றாக வடித்துக் காயவிடுங்கள். டேங்குக்குள் இருக்கும் டியூபை வருடத்துக்கு ஒரு முறை கேள்வியே இல்லாமல் மாற்றிவிடுகிறேன்.

டேங்கைத் திரும்ப வைக்கும்போது உயரத்தைப் பாருங்கள். மிதவைக் கிண்ணம் இல்லை என்று மேலே சொன்னேன் அல்லவா, அதன் விளைவு இங்கே வரும். டேங்கின் நடுக்கோடு நீடிலின் மட்டத்திலோ, அதற்கு 6 முதல் 10 மில்லிமீட்டர் கீழேயோ இருப்பது நல்லது. டேங்க் மிகவும் மேலே இருந்தால், நிறைந்திருக்கும்போது ரிச்சாகவும் குறையக் குறைய லீனாகவும் ஓடும். மிகவும் கீழே இருந்தால் எப்போதும் எரிபொருளுக்கு ஏங்கும். டேங்க் விமானத்தின் உடலில் நேராக உரசினால் அதிர்வில் எரிபொருள் நுரைத்து, இன்ஜின் ஏறி இறங்கி ஓடும். அதற்குத்தான் நுரைப் பஞ்சு. ஆனால் அதையும் திணித்து இறுக்கக் கூடாது.

சைலன்சரிலிருந்து டேங்குக்கு வரும் அழுத்த டியூப் கழன்றிருக்கிறதா, சைலன்சரில் அந்த டியூப் மாட்டும் முளைக்குள் கரி அடைத்திருக்கிறதா, சைலன்சரின் திருகுகள் தளர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். கடைசியாக கார்புரேட்டரின் கழுத்து. இன்ஜின் உடலில் அது உட்காரும் இடத்தில் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் இருக்கிறது. அது நசுங்கிப் போனாலோ, கார்புரேட்டரைப் பிடிக்கும் திருகு தளர்ந்தாலோ, நீடிலைத் தாண்டிய பிறகு காற்று உள்ளே நுழையும். ஐடில் நிலையாக நிற்காமல் அலைபாயும். கார்புரேட்டரை விரலால் கீழ்நோக்கி அழுத்திப் பிடித்தபடியே திருகை இறுக்குங்கள்.

இப்போது நீடில்

இவ்வளவும் சரியாக இருந்து, இன்னமும் நீடில் சொன்னபடி கேட்கவில்லை என்றால் அதைக் கழற்றலாம். கீழே ஒரு வெள்ளைத் துணியை விரியுங்கள். ஓ-ரிங் ஒன்று உருண்டு போனால் தேடிக் கண்டுபிடிக்க அதுவே வழி.

நீடிலை முழுவதும் இடப்பக்கம் திருகி வெளியே எடுங்கள். முனையை வெளிச்சத்தில் பிடித்து, லென்ஸ் இருந்தால் அதன் வழியே பாருங்கள். சுற்றிலும் ஒரு வளையம் போல் கோடு விழுந்திருந்தால் யாரோ இறுக்கியிருக்கிறார்கள். பிறகு ஒரு கண்ணாடித் துண்டின் மேல் நீடிலை உருட்டுங்கள். முனை தள்ளாடினால் வளைந்திருக்கிறது. வளைந்த நீடிலை இடுக்கியால் நிமிர்த்தி வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றும், நானும் முயன்றிருக்கிறேன். ஒரு பாதிச் சுற்றில் ரிச்சாகவும் அடுத்த பாதியில் எதுவுமே மாறாமலும் ஓடியது. நீடிலை வாங்கி மாற்றுவதுதான் வழி. வாங்கும்போது அதே மாதிரி எண் உள்ள இன்ஜினுக்கானதையே கேளுங்கள். பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் முனையின் சரிவு வேறாக இருக்கும்.

நீடில் வெளியே இருக்கும்போதே வழியைக் கழுவிவிடுங்கள். சிரிஞ்சில் சுத்தமான எரிபொருளை நிரப்பி, டியூப் மாட்டும் முளையில் இணைத்து வேகமாக அழுத்துங்கள். நீடில் துளையிலிருந்து பீய்ச்சி வருவதை வெள்ளைத் துணியில் பிடியுங்கள். அதன் பிறகு எதிர்த் திசையில், நீடில் துளையை ஒரு டியூபால் மூடி அதன் வழியே அழுத்துங்கள். துணியில் ஒரு சிலிகான் துணுக்கோ நூலிழையோ விழுந்தால் குற்றவாளி கிடைத்துவிட்டது. டியூபைப் பித்தளைக் குழாயில் மாட்டும்போது அதன் கூரான விளிம்பு சிலிகானைச் சீவி எடுக்கும் சுருள்தான் பெரும்பாலும் இப்படி வந்து அடைக்கிறது. எனவே குழாயின் விளிம்பை மெல்லிய உப்புத்தாளால் மழுக்கிவிடுங்கள். ஜெட்டுக்குள் ஊக்கு, குண்டூசி, டிரில் முனை எதையும் விடாதீர்கள். பித்தளை மென்மையானது, ஒரு கீறல் போதும்.

நெடுநாள் பெட்டியில் கிடந்த இன்ஜினில் விளக்கெண்ணெய் அரக்கு மாதிரி இறுகியிருக்கும். ரப்பர் பாகங்கள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, உலோகப் பாகங்களை மட்டும் மெத்தனாலில் ஓர் இரவு ஊறவிட்டுப் பழைய பல் துலக்கியால் தேய்த்தால் பெரும்பாலும் இளகிவிடும். ஊறவைத்த டப்பாவை மூடி வையுங்கள், குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

அடுத்தது நீடிலின் கழுத்தில் இருக்கும் ஓ-ரிங். புதியவர்கள் இதை மறந்தே போகிறார்கள். நீடிலின் மரைக்கும் அது உட்காரும் உறைக்கும் நடுவில் இழையளவு இடைவெளி இருக்கும். அதை இந்த ஓ-ரிங் அடைக்கிறது. அது காய்ந்து வெடித்தால் அந்த மரை வழியே காற்று உள்ளே போகும். நீடிலை எவ்வளவு திறந்தாலும் இன்ஜின் லீனாகவே இருக்கும், இரண்டு ஓட்டம் ஒரே மாதிரி அமையாது. கண்டுபிடிக்க, நீடிலை இரண்டு சுற்று திறந்து, த்ராட்டிலை மூடி, மரை மேல் ஒரு துளி எரிபொருள் வைத்து, சிரிஞ்சால் காற்றை அழுத்துங்கள். துளியில் குமிழி கிளம்பினால் ஓ-ரிங்கை மாற்றுங்கள். மாற்று ஓ-ரிங் உடனே கிடைக்காவிட்டால் ஒரு நல்ல வழி இருக்கிறது. சிலிகான் டியூபில் ஒரு சென்டிமீட்டர் துண்டு வெட்டி, நீடிலின் மேல் ஏற்றி, உறையின் வாயையும் மூடுகிற மாதிரி தள்ளிவிடுங்கள். காற்று நிற்கும். அதிர்வில் நீடில் தானாகச் சுழல்வதும் நிற்கும். தற்காலிகம் என்று போட்ட இந்தத் துண்டு என் பழைய இன்ஜின் ஒன்றில் பல வருடங்களாக இருக்கிறது.

நீடில் தானாகச் சுழல்வது தனிக் கோளாறு. கிளிக் கொடுக்கும் ஸ்பிரிங் தளர்ந்தால், பறந்து இறங்குவதற்குள் நீடில் கால் சுற்று நகர்ந்திருக்கும். நீடில் தலையில் ஒரு புள்ளி மார்க்கர் வைத்துவிட்டு ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். புள்ளி நகர்ந்திருந்தால் ஸ்பிரிங்கை லேசாக உள்பக்கம் வளைத்து இறுக்குங்கள். விமானத்தின் மூக்குக்கு வெளியே எட்டுவதற்காக நீடிலில் நீளக் கம்பி இணைத்திருப்பவர்கள், அந்தக் கம்பியின் வெளிமுனைக்கு ஓர் ஆதாரம் கொடுங்கள். தாங்கல் இல்லாத நீளக் கம்பி அதிர்ந்து அதிர்ந்து நீடிலின் மரையையே தேய்த்துவிடும்.

எல்லாம் மாட்டிய பிறகு ஒரு கடைசிச் சோதனை: நீடிலை மெதுவாக முழுவதும் மூடி, சிரிஞ்சால் அழுத்துங்கள். காற்று போகக் கூடாது. போனால் முனையோ இருக்கையோ சேதம். இருக்கை சேதமானால் அதோடு சேர்ந்த ஜெட் பகுதியையே மாற்ற வேண்டியிருக்கும்.

திரும்ப அளவு வைப்பது

கையேட்டில் சொன்ன தொடக்க அளவைவிட அரைச் சுற்று கூடுதலாகத் திறந்து வையுங்கள். இன்ஜினைக் கிளப்பி, ஒரு நிமிடம் நடு வேகத்தில் சூடேறட்டும். பேட்டரியை எடுத்துவிட்டு முழு த்ராட்டில் கொடுங்கள். இப்போது கரகரவென்று தடித்த சத்தமும் புகையும் வரும். ஒவ்வொரு கிளிக்காக மூடுங்கள், ஒவ்வொன்றுக்கும் பிறகு மூன்று நான்கு நொடி காத்திருங்கள். இன்ஜின் பதில் சொல்ல அவ்வளவு நேரம் எடுக்கும். ஓர் இடத்தில் சத்தம் சட்டென்று இழைந்து, விர்ரென்று ஒரே சுருதியில் நிற்கும். அதற்கு மேலும் மூடினால் வேகம் கூடாது, பிறகு குறையும். அந்த உச்சத்தைக் கண்டதும் இரண்டு மூன்று கிளிக் திரும்பத் திறந்துவிடுங்கள். வேகமானி இருந்தால் உச்சத்திலிருந்து 200 முதல் 300 சுற்று குறைந்து இருக்க வேண்டும்.

சரியா என்று பார்க்க, எரிபொருள் டியூபை ப்ராப்புக்குப் பின்னாலிருந்து ஒரு கணம் கிள்ளி விடுங்கள். வேகம் சற்று ஏறிவிட்டுத் திரும்பினால் நல்ல இடத்தில் இருக்கிறீர்கள். ஏறாமலே தொய்ந்தால் லீன், உடனே திறங்கள். அதன் பிறகு உதவியாளரோடு விமானத்தை உறுதியாகப் பிடித்து மூக்கை வானத்துக்குத் தூக்கி, முழு வேகத்தில் பத்து நொடி வையுங்கள். வேகம் அப்படியே நிற்கலாம், கொஞ்சம் கூடலாம். தொய்யக் கூடாது. இந்தச் சோதனையைச் செய்யாமல் நான் எந்த விமானத்தையும் மேலே அனுப்புவதில்லை.

முழு வேகம் அமைந்த பிறகுதான் ஐடில். இந்த வரிசை மாறினால் இரண்டும் கெடும். 40, 46 அளவு இன்ஜின்களுக்கு 2,000 முதல் 2,500 சுற்று ஐடில் வசதியானது. பத்து நொடி ஐடிலில் விட்டு, த்ராட்டிலைச் சட்டென்று திறங்கள். புகையோடு கடகடத்து மெதுவாக ஏறினால் ஐடில் ரிச். ஐடில் நீடிலை வலப்பக்கம் எட்டில் ஒரு சுற்று. ஒரு இருமல் கூட இல்லாமல் டக்கென்று நின்றால் லீன்; இடப்பக்கம் அதே அளவு. காற்றுத் திருகு உள்ள இன்ஜினில் இந்தத் திசைகள் மாறும் என்பதை மறக்க வேண்டாம். ஐடிலில் டியூபைக் கிள்ளிப் பிடித்தாலும் தெரியும். மூன்று முதல் ஐந்து நொடி ஓடி, லேசாக வேகம் ஏறி நின்றால் சரி. உடனே நின்றால் லீன், நின்றபாடில்லை என்றால் ரிச். ஐடில் முடிந்ததும் முதன்மை நீடிலை இன்னொரு முறை சரிபாருங்கள், ஓரிரு கிளிக் நகர்ந்திருக்கும்.

ஐடில் நீடிலை யாரோ கண்டபடி திருகிவிட்டு, தொடக்கமே தெரியவில்லை என்றால்: த்ராட்டிலை ஒரு மில்லிமீட்டர் இடுக்கு மட்டும் தெரியும்படி வைத்து, முதன்மை நீடிலை இரண்டு சுற்று திறந்து, சிரிஞ்சால் காற்றை அழுத்திக்கொண்டே ஐடில் நீடிலை மூடுங்கள். காற்றின் உஸ்ஸென்ற சத்தம் கேட்டும் கேட்காமலும் போகும் இடத்தில் நிறுத்துங்கள். இன்ஜினைக் கிளப்புவதற்கு அது போதும்.

ஒரு நாள் வைத்த அளவு எல்லா நாளுக்கும் பொருந்தாது. மார்கழிக் காலையின் குளிர்ந்த, அடர்ந்த காற்றுக்கு நீடிலை ஓரிரு கிளிக் திறக்க வேண்டியிருக்கும். சித்திரை வெயிலில் அதை மூட வேண்டும். 2,200 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊட்டிக்கு விமானத்தைக் கொண்டுபோனால், காற்று மெலிந்திருப்பதால் சமவெளி அளவில் இன்ஜின் ரிச்சாக ஓடும். அங்கேயும் மூட வேண்டும். இந்த மாற்றங்கள் எல்லாம் சில கிளிக்குகளுக்குள் முடிந்துவிடும். அரைச் சுற்று, ஒரு சுற்று என்று கேட்டால் திரும்ப டேங்கிலிருந்து தொடங்குங்கள்.

பறந்து முடித்ததும் டேங்கில் எரிபொருளை விட்டுவைக்காதீர்கள். வடித்துவிட்டு, டியூபைக் கழற்றி, இன்ஜினைக் கிளப்பி மிச்சம் தீரும்வரை ஓட்டுங்கள். கார்புரேட்டர் வாயில் சில துளி லேசான மெஷின் எண்ணெய் விட்டு ப்ராப்பைக் கையால் நாலைந்து முறை சுற்றுங்கள், பிளக்கில் பேட்டரி இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு. அப்புறம் அன்றைய நீடில் எண்ணை டேப்பில் தேதியோடு எழுதி வையுங்கள்.